கெடாத ஊர்

கூட்டம் நடந்தது கோயிலுக்குப் பின்னால் உள்ள ஓய்வுநாள் பள்ளி அறையில். போதகர் அருமைராஜ் ஐயா கரும்பலகைக்கு முன்னால், கைப்பிடி வைத்த ஒரே நாற்காலியில் இருந்தார். அவருக்கு வலது பக்கத்து பெஞ்சில் ஜன்னலோரமாக வயலட் டீச்சர், எங்கள் பள்ளிக்கூடத்தில் உயிரியல் நடத்துகிறவர். எதிர் பெஞ்சில் வாழைக்காய் மண்டி யேசுவடியான் அண்ணாச்சி, இரண்டு பேர் உட்காரும் இடத்தை ஒருவராக அடைத்துக்கொண்டு. சபைச் செயலாளர் என்ற முறையில் நான் மேஜைக்கு. செல்லக்கனி மட்டும் பெஞ்சு வேண்டாமென்று சொல்லி, பிள்ளைகள் உட்காரும் கோரைப்பாயை விரித்து, வாசலை ஒட்டி, எழுந்து போக வசதியாக உட்கார்ந்திருந்தாள்.

பேச வேண்டிய பொருள் ஒன்றுதான். வேலி அலுவலகத்துக்கு என்ன பதில் எழுதுவது?

சீரன்விளையைச் சுற்றி அரசாங்கம் வேலி போட்டு வருஷங்களாகிவிட்டன. சாமான் உள்ளே வரும். ஒரு பிடி மண், ஒரு வாழை இலை வெளியே போகாது. ஆள் வெளியே போக வேண்டுமென்றால் மருந்துக் குளியல், ஒரு மாதக் காவல் எல்லாம் உண்டு. போனவர் திரும்பி வர அனுமதியில்லை. செல்லக்கனியின் வீட்டுக்காரர் அப்படித்தான் வேலை தேடிப் போனார். கடிதம் மட்டும் தடையில்லாமல் போகும். அதையும் வாசலில் சூட்டுப் பெட்டிக்குள் வைத்து, காகிதம் பழுத்துப்போகிற அளவுக்குச் சுட்டுத்தான் அனுப்புவார்கள்.

இவ்வளவுக்கும் காரணம் வாழையில் விழுந்த வாடல் நோய். தோட்டம் தோட்டமாக வாழை சரிந்துகொண்டிருந்தபோது, மண்ணில் உள்ள அந்த நோய்ப் பூஞ்சையைத் தின்பதற்கென்று ஆய்வுக்கூடத்தில் ஒரு கிருமியை உண்டாக்கிக் கொண்டுவந்தார்கள். வாய்க்கால் தண்ணீரில் கலந்துவிட்டார்கள். ஒரே போகத்தில் நோய் போயிற்று. ஊரே ஸ்தோத்திரப் பண்டிகை கொண்டாடியது. அந்தக் கிருமி நோய்ப் பூஞ்சையோடு நிற்கவில்லை என்பது பிறகுதான் தெரிந்தது. ஒரு பொருளை மக்கச் செய்கிற எதையும் அது விட்டுவைக்கவில்லை.

முதலில் இட்லி மாவுதான் காட்டிக்கொடுத்தது. எத்தனை நேரம் வைத்தாலும் பொங்கவில்லை. பாலில் உறை ஊற்றினால் பாலாகவே கிடந்தது. பெண்கள் முணுமுணுத்தார்கள், ஆண்கள் காதில் போட்டுக்கொள்ளவில்லை. ஏனென்றால் வெட்டித் தொங்கவிட்ட வாழைத்தார் மாதக்கணக்கில் கறுக்காமல் மஞ்சளாகவே நின்றது. யேசுவடியான் அண்ணாச்சி மாடி கட்டியது அந்தச் சமயத்தில்தான். மழை முடிந்து மறு மழை வந்தபோது, முந்திய வருஷத்துச் சருகு அப்படியே கிடந்தது. வெட்டிப்போட்ட வாழைத்தண்டு போட்ட இடத்திலேயே விறகாகக் காய்ந்தது. சாணி கல்லாயிற்று. மண்புழு போயிற்று, அதைத் தேடி வந்த கொக்கும் மைனாவும் போயின. வாழை வருஷத்துக்கு வருஷம் குட்டையாகி, இப்போது இடுப்பளவுக்குமேல் வருவதில்லை.

இறந்தவர்கள் கதையையும் சொல்ல வேண்டும். எங்கள் கல்லறைத் தோட்டம் சின்னது. குடும்பத்துக்கு ஒரு கல்லறைதான். ஒருவர் இறந்தால் பழைய குழியைத் திறந்து, எலும்பை ஓரமாக ஒதுக்கிவிட்டு, புதியவரை வைப்பது வழக்கம். யேசுவடியான் அண்ணாச்சியின் தாயார் காலமானபோது அவருடைய தகப்பனாரின் குழியைத் திறந்தார்கள். கிழவர் வைத்த மேனிக்கே கிடந்தார், வேட்டியில் ஒரு கறை இல்லாமல். தோண்டியவர்கள் மண்வெட்டியைப் போட்டுவிட்டு ஓடினார்கள். அண்ணாச்சி மட்டும் எட்டிப் பார்த்து, "எங்கய்யா உசுரோட இருக்கையில இம்புட்டு லட்சணமா இருந்ததில்ல, பாத்துக்கிடுங்க" என்றார்.

ஊர் பயந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அடுத்த ஞாயிறு போதகர் ஐயா, இது நம் சபைக்குக் கிடைத்த கிருபை, நம்முடைய பரிசுத்தவான்கள் அழிவைக் காணவில்லை என்று பிரசங்கம் செய்தார். பயம் பெருமையாகிவிட்டது. கல்லறைகளுக்குக் கண்ணாடி மூடி வந்தது. கல்லறைத் திருநாளுக்கு மெழுகுவர்த்தியோடு புதுத்துணியும் வாங்கும் பழக்கம் வந்தது. மூடியைத் திறந்து, முகம் துடைத்து, உடை மாற்றி, ஜெபம் செய்து மூடுவோம். என் மனைவி எமிலிக்கு நானும் வருஷந்தோறும் ஒரு சேலை எடுக்கிறேன்.

செல்லக்கனிக்கு ஒரே மகள், பெனிட்டா. காய்ச்சல் கண்டு, வெளியூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக அனுமதி வருவதற்குள் போய்விட்டாள். மற்றவர்கள் வருஷத்துக்கு ஒரு தடவை திறப்பார்கள். இவள் சனிக்கிழமை தவறாமல் திறப்பாள். தலைவாரி, ரிப்பன் மாற்றி, பிள்ளைக்குப் பிடித்த, வெளியிலிருந்து வருகிற தேங்காய் பன்னில் ஒரு துண்டு பிட்டு வைத்துவிட்டு வருவாள். யாரும் தடுக்கவில்லை.

இப்போது வேலி அலுவலகத்தின் கடிதத்தை நான் கூட்டத்தில் நிறுத்தி நிதானமாக வாசித்தேன். வெளியிலிருந்து தொடக்க மண் கொண்டுவருவார்கள். அதில் உள்ள கிருமிகள் பொருளை மக்கச் செய்யக்கூடியவை, எங்கள் ஊர்க் கிருமிக்குத் தாக்குப்பிடிக்கும்படி பழக்கப்பட்டவை. அவற்றைக் கல்லறைத் தோட்டத்தில் இறக்குவார்கள். அதற்கு முன் ஒவ்வொரு மூடியையும் திறந்து, உள்ளே இருப்பவரின் நிலையைப் படமெடுத்துக்கொள்வார்கள். எல்லாக் குடும்பமும் கையெழுத்துப் போட வேண்டும். ஒரு கல்லறை விடுபட்டாலும் பழைய கிருமி அங்கே ஒளிந்துகொண்டு திரும்பக் கிளம்பிவிடும். சம்மதம் வராவிட்டால் மழைக்கு முன் ஊரைக் காலி செய்து, நிலம் முழுக்க சிமெண்ட் பூசிவிடுவார்கள்.

ஏன் கல்லறைத் தோட்டம், வயலில் இறக்கினால் ஆகாதா என்று போதகர் ஐயா கேட்டார். அவர் குரலில் பழைய தெம்பு இல்லை.

"அடுப்பு பத்த வைக்கணும்னா ஒரு இடத்துல விறகு குமிஞ்சு கெடக்கணும்லா ஐயா" என்றார் வயலட் டீச்சர். "வயல்ல கெடக்கது காஞ்ச சருகு. வெளியேருந்து வாரது புதுசு, அதுக்கு முதல்ல நல்ல தீனி வேணும். நம்ம ஊர்ல அது ஒரே எடத்துலதான் இருக்கு."

தீனி என்ற சொல்லைக் கேட்டதும் யேசுவடியான் அண்ணாச்சி முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

டீச்சர் விடவில்லை. பள்ளிக்கூடத்தில் நடந்ததைச் சொன்னார். மரக்கட்டையில் காளான் பூத்த படத்தைக் காட்டி, மக்கச் செய்யும் உயிர்கள் என்று பாடம் நடத்தியபோது ஒரு பிள்ளை எழுந்து, இது என்ன பூ டீச்சர், வாசமா இருக்குமா என்று கேட்டதாம். அழுகுவது என்றால் என்னவென்று விளக்கப்போய், அந்த வகுப்பில் ஒருவருக்கும் அது புரியவில்லையாம்.

"செடி மண்ணுலருந்து எடுக்கு. செடிய ஆடு திங்குது, ஆட்ட நாம திங்கோம். எல்லாம் எடுக்கதுதான். எடுத்தத மண்ணுக்குத் திருப்பிக் குடுக்கதுக்குன்னு சில உயிர் இருந்துது. கண்ணுக்குத் தெரியாது, மூக்குக்குத்தான் தெரியும். அத நாம ஒழிச்சுட்டோம். இப்ப மண்ணுகிட்ட குடுக்கதுக்கு ஒண்ணுமில்ல. எடுத்ததெல்லாம் சருகாவும் சாணியாவும்…" டீச்சர் கொஞ்சம் நிறுத்தினார். "நம்ம ஆளுங்களாவும் பூட்டிக் கெடக்கு."

எல்லாரும் கையெழுத்துப் போட்டாயிற்று. நானும் எமிலிக்காகப் போட்டேன். பாக்கி செல்லக்கனி ஒருத்திதான். ஏன் மாட்டேன் என்கிறாள் என்று வீடு தேடிப் போய்க் கேட்டும் அவள் சொல்லவில்லை. அதனால்தான் இந்தக் கூட்டம்.

போதகர் ஐயா பக்குவமாகப் பேசிப் பார்த்தார். உயிர்த்தெழுதலுக்கு உடம்பு முழுசாக இருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை என்றார். யேசுவடியான் அண்ணாச்சி அதற்கு, "அன்னைக்கு ஒண்ணு சொன்னீக, இன்னைக்கு ஒண்ணு சொல்லுதீக" என்று முணுமுணுத்துவிட்டு, செல்லக்கனி பக்கம் திரும்பினார்.

"ஏட்டி செல்லக்கனி, எனக்கு அப்பனும் ஆத்தாளும் அங்கதான் கெடக்காவ. நா போடலியா? ஒன் ஒருத்தி கையெழுத்துல ஊரே தொங்கிக்கிட்டுக் கெடக்கு. நாளைக்கி சிமெண்ட ஊத்தினா ஒன் புள்ள மேலயும்தான் ஊத்துவான்."

"ஊத்தட்டும்" என்றாள் அவள். "சிமெண்ட் போட்டா ஒருத்தனும் தொறக்க மாட்டாம்லா."

வயலட் டீச்சர்தான் முதலில் கவனித்தார் என்று நினைக்கிறேன். பிள்ளையைப் பார்க்க முடியாமல் போய்விடும் என்ற பயம் அந்தப் பதிலில் இல்லை. மற்றவர்கள் பார்த்துவிடுவார்களோ என்ற பயம்தான் இருந்தது. டீச்சர் எழுந்துபோய்ப் பாயில் அவள் பக்கத்தில் உட்கார்ந்து, படம் எடுப்பதுதான் சங்கடமா என்று மெதுவாகக் கேட்டார். செல்லக்கனி வெகுநேரம் பாயின் கோரையைப் பிய்த்துக்கொண்டிருந்தாள். பிறகு யாரையும் பார்க்காமல் சொன்னாள்.

"கன்னத்துல ஒரு எடம் கறுத்திருந்துது டீச்சர். அழுக்குன்னுதான் நெனச்சேன். ஈரத்துணியால தொடச்சேன். தொடைக்கத் தொடைக்க…"

அவள் துணி பிழிவதுபோலக் கையை ஒன்றன்மேல் ஒன்று வைத்து நிறுத்தினாள்.

"அடுத்த வாரம் ஒரு வாடை. சின்னதுல வாய்க்கால்ல ஆடு செத்து மெதக்குமே, அந்த வாடை. அப்படி ஒண்ணு உண்டுங்கதே எனக்கு மறந்துபோச்சு. எம்புள்ளட்ட இருந்துதான் திரும்ப ஞாவகம் வந்துது. கண்ணாடிக்கு மேல போர்வையப் போட்டு மூடிட்டேன். அதுக்கப்புறம் தொறக்கல. எல்லாரு வீட்டாளும் அப்படியே கெடக்காவ, எம்மவ மட்டும் இப்படி. வேலி வாசல்ல வச்சு நா ஆண்டவர ஏசுனேன். அதான் அவள மட்டும் கைவிட்டுட்டார்."

போதகர் ஐயா கண்ணை மூடிக்கொண்டார். அவர் ஜெபிக்கவில்லை என்பது எனக்குத் தெரிந்தது. யேசுவடியான் அண்ணாச்சி துண்டை எடுத்து முகத்தைத் துடைத்து, துண்டுக்குள்ளேயே முகத்தை வைத்துக்கொண்டார்.

வயலட் டீச்சரின் முகத்தில்தான் வேறு ஒன்று வந்தது. எனக்கு அதைப் பார்க்கப் பிடிக்கவில்லை. ஏதோ நல்ல சேதி கேட்டவர்போல அவர் கண் விரிந்தது. அதை அவர் அடக்கிக்கொள்வதற்குள் வாய் முந்திக்கொண்டது.

"செல்லக்கனி, இது பாவமில்ல. இதுதான் நமக்கு வேணும்."

"ஒங்களுக்கு வேணும்" என்றாள் செல்லக்கனி.

டீச்சர் அவள் கையைப் பிடித்துக்கொண்டு மன்னிப்புக் கேட்டார். பிறகு, எங்களுக்காக என்று இல்லாமல் அவளுக்காகவே விளக்கினார். ஒரு கிருமியைக் கோடிக்கணக்கில் கொன்றாலும், எங்கோ ஒன்று அதற்குத் தப்பிக்கப் பழகிவிடும். அந்த ஒன்று பெருகும். வெளியூர் ஆய்வுக்கூடத்தில் பெரும்பாடு பட்டுப் பழக்கியதை இந்த மண் தானாகவே பழக்கிவிட்டது. அது பெனிட்டாவிடத்தில் முதலில் கண்ணில் பட்டிருக்கிறது, அவ்வளவுதான். இனி வெளியிலிருந்து மண் வர வேண்டியதில்லை, ஊரைக் காலி செய்யவும் வேண்டியதில்லை.

"அப்ப எழுதிருவோம் அந்தால" என்று துண்டுக்குள்ளிருந்து அண்ணாச்சி சொன்னார்.

எழுதினால் என்ன நடக்கும் என்று நான் கேட்டேன். எதையும் எழுதுவதற்கு முன் கேட்டுக்கொள்வது என் வழக்கம். டீச்சர் சிறிது தயங்கினார். சும்மா சொன்னால் வேலி அலுவலகம் நம்பாது, மக்குகிற பொருளை அவர்களே எடுத்துப் பார்க்க வேண்டும் என்றார். அப்படியென்றால் பெட்டியோடு கொண்டுபோவார்கள். திருப்பித் தரமாட்டார்கள்.

விஷயம் இப்போது எல்லாருக்கும் தெளிவாகிவிட்டது. மறைத்தால் ஊர் போகும், சொன்னால் பிள்ளை போவாள். யாரும் செல்லக்கனியை வற்புறுத்தவில்லை. அதுவும் ஒரு வற்புறுத்தல்தான் என்று எனக்குப் பட்டது.

அவள் டீச்சரைப் பார்த்து ஒன்று மட்டும் கேட்டாள். "நா வாரவாரம் தொறக்காம இருந்திருந்தா, அவ அப்படியே இருந்திருப்பாளா?"

டீச்சர் கரும்பலகையைப் பார்த்தார். அதில் போன ஞாயிறு எழுதிய மனப்பாட வசனம் பாதி அழிந்திருந்தது. "இல்ல மக்கா" என்றார். "நீ தொறந்ததுக்கும் இதுக்கும் சம்பந்தமில்ல."

செல்லக்கனி தலையாட்டினாள். எழுந்து மேஜைக்கு வந்து, சம்மதத் தாளில் நான் காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டாள். "எழுதுங்க அண்ணாச்சி. பேரு மட்டும் போடாதீக. ஒரு கல்லறைன்னு எழுதுங்க" என்றாள் என்னிடம். என் கடிதங்களில் பேர், தகப்பன் பேர், வரிசை, இடம் எல்லாம் இல்லாமல் ஒரு வரி இருக்காது. சரியென்றேன்.

எல்லாரும் கலைந்த பிறகு டீச்சர் என் மேஜைக்கு வந்து நின்றார். மூடிக் கிடந்த குழியில் அது பழகியிருக்காது, வாரவாரம் காற்றும் ஈரத்துணியும் பன் துண்டும் கிடைத்ததால்தான் வளர்ந்தது என்றார். இதை யாரிடமாவது சொல்ல வேண்டியிருந்தது என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

கடிதத்தைச் சுத்தமாகப் பெயர்த்து எழுதினேன். 'எங்கள் கல்லறைத் தோட்டத்தில் ஒரு கல்லறையில்' என்று தொடங்கும் பத்தியை இரண்டு தடவை வாசித்தேன். உறைக்குள் மடித்து வைத்து, ஒட்டுவதற்காகப் பசை வைத்திருக்கும் தேங்காய்ச் சிரட்டையை எடுத்தேன். போன கிறிஸ்மஸுக்கு நட்சத்திரம் ஒட்டக் காய்ச்சிய மைதாப் பசை. எங்கள் ஊரில் ஒரு தடவை காய்ச்சினால் வருஷம் முழுக்க வரும். காய்ந்தால் கொஞ்சம் வெந்நீர் விட்டுக் குழைத்துக்கொள்வோம். மூடியிருந்த காகிதத்தை நீக்கி விரலை விட்டேன். விரல் தண்ணீருக்குள் போவதுபோல் போயிற்று.

ஜன்னலண்டை கொண்டுபோய்ப் பார்த்தேன். மேலே சாம்பலும் பச்சையுமாக ரோமம்போல் பூத்திருந்தது. புளிச்ச நாற்றம் மூக்கில் ஏறியது. நானும் அதை மறந்துதான் போயிருந்தேன்.

சிரட்டையைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இப்படிப் பூப்பதற்கு நாலைந்து நாளாவது ஆகியிருக்க வேண்டும். அப்படியென்றால் பெனிட்டாவின் குழியோடு அது நிற்கவில்லை. காற்றில் வந்ததோ, காலில் ஒட்டி வந்ததோ, இந்த மேஜைக்கு ஏற்கனவே வந்து, நாங்கள் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்த நேரமெல்லாம் என் கைக்குப் பக்கத்தில் இருந்திருக்கிறது.

எமிலி இருப்பது நாலாவது வரிசையில். இந்த அறைக்கும் அதற்கும் நடுவே ஒரு சுவர்தான். வருகிற கல்லறைத் திருநாளுக்கு யாரும் மூடியைத் திறக்கக்கூடாது, கண்ணாடியின்மேல் மண் போட்டு மூடிவிட வேண்டும் என்று சபையில் அறிவிக்க வேண்டும். அறிவிப்பதும் என் வேலைதான். சேலை எடுத்து வைத்தாயிற்று.

செயலாளர் பொறுப்பேற்றதிலிருந்து கூட்டம் முடிவு செய்ததை நான் ஒரு சொல்கூட மாற்றி எழுதியதில்லை. உறையிலிருந்து கடிதத்தை எடுத்துக் கிழித்தேன். புதுத்தாளில், சீரன்விளை சபை அலுவலக மேஜையில், தேங்காய்ச் சிரட்டையில் இருக்கும் மைதாப் பசை கெட்டுப்போயிருக்கிறது என்று எழுதினேன். பசை காய்ச்சிய மாதம், சிரட்டை இருக்கும் இடம், ஜன்னல் எந்தத் திசை, எல்லாம் எழுதினேன். மாதிரி எடுக்க அதிகாரிகள் வந்தால் சிரட்டையோடு கொடுத்துவிடுகிறோம் என்றும், ஊரில் இது தானாகவே பரவத் தொடங்கிவிட்டபடியால் தொடக்க மண்ணும் தேவையில்லை, கல்லறைகளைத் திறப்பதும் தேவையில்லை என்றும் எழுதினேன். சம்மதக் கையெழுத்துத் தாளை உறையில் வைக்கவில்லை. அவர்கள் நம்புவார்களா, நம்பாமல் தோட்டத்தையும் தோண்டிப் பார்ப்பார்களா என்று எனக்குத் தெரியாது.

வேறு பசை இல்லை. அதையே விரலால் வழித்து உறையின் விளிம்பில் தடவினேன். தண்ணீராக இருந்ததால் சீக்கிரம் பிடிக்கவில்லை. புத்தகத்தை மேலே வைத்துக் கொஞ்சநேரம் அழுத்த வேண்டியிருந்தது.

வேலி வாசலில் காவலர் சுடலைமணி காவலில் இருந்தார். வெளியூர்க்காரர், வாரம் ஒரு தடவை மாறுகிறவர். உறையை வாங்கியதும் மூக்கைச் சுளித்து, "என்ன சார், ஊசிப்போன நாத்தம் அடிக்கி?" என்றார்.

"ஆமா" என்றேன். "பசை கெட்டுப்போச்சு."

அவருக்கு அது ஒரு சாதாரண விஷயம். இன்னொன்றும் கேட்காமல் உறையைச் சூட்டுப் பெட்டிக்குள் வைத்து, கதவைச் சாத்தி, பொத்தானை அழுத்தினார்.